ஆளுக்கொரு வேடம்

'கிளாஸ்' என்றதும் கரும்பலகையும் பள்ளி மணியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நாங்கள் எழுத வந்த கிளாஸ் வேறு. சென்ற கோடை விடுமுறையில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து நாங்கள் ஐவரும் ஆடிய கதை விளையாட்டில், அவரவர் ஏற்கும் வேடத்துக்குக் கிளாஸ் என்று பெயர்.

'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் அவ்விளையாட்டை அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்க, அது 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒருத்தி கதையை நடத்திச் செல்வாள். மற்றவர்கள் கதைமாந்தராகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஒளிந்து கொள்கிறேன்" என்பார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். முதலில் வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்றே வேடங்கள். 1975இல் திருடனும் சேர்ந்தான். "திருடனா?" என்று அம்மா ஒருவர் முகம் சுளித்தது தனிக்கதை!

எங்களுள் ஒருத்தியின் சித்தப்பா வைத்திருந்த பழைய விதிகளின்படியே ஆடினோம். வீரன் எந்தக் கவசமும் அணியலாம், எந்த வாளும் ஏந்தலாம், மந்திரம் வராது. குரு கூரிய ஆயுதம் தொடக்கூடாது. ஆனால் நடமாடும் பிணங்களை விரட்ட வல்லவர். திருடன் பூட்டைத் திறப்பான், ஓசையின்றி நடப்பான்; நேருக்கு நேர் நின்றால் தாங்கமாட்டான். மந்திரவாதிக்குக் கவசமில்லை, கத்தி ஒன்றே ஆயுதம். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம்.

முதல் நாளே மனத்தாங்கல் வந்துவிட்டது. மந்திரவாதியானவள் தன் ஒரே மந்திரத்தை முதல் அறையில் இரண்டு எலிகள் மேல் செலவழித்துவிட்டாள். பிறகு மாலை முழுவதும் விளக்கைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். "விளக்குத் தூக்கத்தானா நான் வந்தேன்?" என்றபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன.

எங்களுக்குப் பாவமாக இருந்தது. மறுநாள், எல்லோரும் எல்லாம் செய்யலாம் என்று விதியையே மாற்றினோம். முதலில் கொண்டாட்டம்தான். ஆனால் வீரனே பூட்டைத் திறந்தான். திருடனே மந்திரம் சொன்னான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சற்று நேரத்தில் அவள் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "நேற்று விளக்குக்காவது என்னைத் தேடினீர்கள். இன்று அதற்கும் நான் வேண்டாம்" என்றாள். எங்களுக்குச் சுரீரென்றது.

அன்றிரவு வெகுநேரம் விவாதித்தோம். வேடத்தைத் தனித்துக் காட்டுவது பெயரோ உடையோ அன்று. ஒவ்வொரு வேடமும் தன்னை ஆடுபவளிடம் கேட்கும் கேள்விதான் என்று கண்டோம். வீரனுக்கு, 'யார் முன்னால் நிற்பது?' திருடனுக்கு, 'தனியே முன்சென்று பார்ப்பதா?' மந்திரவாதிக்கு, 'இருப்பது ஒன்று, இப்போதா, பிறகா?' ஒருவரால் இயலாதது இருந்தால்தான் மற்றவருக்கு இடமுண்டு. 2008இல் வந்த நான்காம் பதிப்பில் எல்லா வேடங்களின் ஆற்றல்களும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டபோது, பல ஆட்டக்காரர்கள் இதே குறையைத்தான் கூறினர்.

ஆனால் அவள் அழுததும் தவறன்று. ஒருத்தி மாலை முழுவதும் சும்மா இருப்பது விளையாட்டாகுமா? 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் மந்திரவாதிக்கு எத்தனை முறையும் சொல்லத்தக்க சிறு மந்திரங்கள் உண்டு. நாங்களோ பழைய விதிகளுக்கே திரும்பி, பழஞ்சுவடிகளைப் படிக்க அவளால் மட்டுமே முடியும் என்ற ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் அவள் சுவடி படித்து வழி சொன்னாள். மூன்று அறைகள் கடந்தும் மந்திரத்தைத் தொடவில்லை. நான்காம் அறையில் குட்டிப் பூதங்கள் சூழ்ந்துகொள்ள, வீரன் விழுந்தான். நாங்கள் அனைவரும் அவளையே பார்த்தோம். "தூக்க மந்திரம்" என்றாள் மெல்ல. பூதங்கள் அப்படியே சரிந்து உறங்கின. வீரனை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தோம்!

பள்ளி திறந்து, இன்னொரு கிளாஸில் ஐவரும் அமர்ந்திருக்கிறோம். கணக்கு வராதவள் வருபவளிடம் கேட்க இப்போது கூசுவதில்லை. கேட்கப்படுபவளின் முகத்தில் என்ன மலர்ச்சி தோன்றும் என்பதை, விளக்குப் பிடித்தவளிடம் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் ஐவர்