பாஞ்சாலியான பிணம்

நமது இலக்கியக் கூட்டங்களில் நகைச்சுவைக்குப் பாயின் ஓரத்திலேதான் இடம். கண்ணீர் வந்தால் கலை. சிரிப்பு வந்தால் அது வெறும் பகிடி. பதினைந்து வருடங்களுக்கு மேலாகப் பாடசாலை மேடைக்கு நாடகம் பழக்கி வருபவன் நான். எனக்கு இதில் உடன்பாடில்லை. சபையை அழ வைப்பது இலேசு. உரிய நொடியில் சிரிக்க வைத்துப் பாருங்கள், தெரியும். என் கட்சிக்கு நான் சாட்சியாக அழைப்பது 1983 இல் வெளிவந்த ‘ஜானே பீ தோ யாரோ’ என்ற ஹிந்திப் படத்தை. ‘போகட்டும் விடுங்கள், நண்பர்களே’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

இயக்குநர் குந்தன் ஷா பூனே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். இது அவரது முதல் முழுநீளப் படம். கல்லூரி நண்பர்கள் இருவர் ஹைதராபாத்தில் புகைப்பட நிலையம் திறந்து பட்ட பாடுதான் கதைக்கு வித்து. இந்திய அரசின் தேசியத் திரைப்பட அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் பணம் போட்டது. செலவு ஏறத்தாழ 7 இலட்சம் இந்திய ரூபா. அன்றைய பொம்பாய்ப் படவுலகில் அது ஒரு பணமே அல்ல. கதாநாயகன் நஸீருத்தீன் ஷா தன் சொந்தக் கெமராவையே கொண்டுவந்து நடித்தார். படப்பிடிப்பின்போது அதுவும் களவு போயிற்று. நிர்வாகத்தைக் கவனித்த விது வினோத் சோப்ரா துச்சாதனன் வேடத்தையும் தானே கட்டிக்கொண்டார். ஒரு நடிகரின் கூலி மிச்சம்! பாடசாலை நாடகம் போட்ட எவருக்கும் இந்தக் கஷ்டம் புதிதல்ல.

கதை இதுதான். வினோத், சுதீர் என்ற இரு ஏழைப் படப்பிடிப்பாளர்கள் பொம்பாயில் கடை திறக்கிறார்கள். ஈயோட்டுகிறார்கள். ஒரு பத்திரிகைக்காரியின் ஏவலில், போட்டிக் கொந்தராத்துக்காரர் இருவரின் ஊழலைப் படம் பிடிக்கப் போகிறார்கள். பூங்கா ஒன்றில் எடுத்த படத்தைப் பெருப்பிக்கப் பெருப்பிக்க, அதற்குள் ஒரு கொலை இருக்கிறது. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘புளோ அப்’ படத்துக்கு அது மரியாதை. பூங்காவின் பெயரே அந்தோனியோனி பூங்கா. கொல்லப்பட்டவர் மாநகர ஆணையாளர் டிமெல்லோ. அவர் பெயரில் எழுந்த மேம்பாலம் பின்னர் இடிந்து விழுகிறது. அது சிரிப்பதற்கில்லை.

ஆனால் டிமெல்லோவின் பிணம் சிரிக்க வைக்கிறது. சதீஷ் ஷா படத்தின் பெரும்பகுதியிலும் பிணமாகவே நடித்திருக்கிறார். குடிவெறியில் ஒரு கொந்தராத்துக்காரர் சவப்பெட்டியைப் பழுதான கார் என்று நினைத்து இழுத்துப் போகிறார், உள்ளே இருப்பவரோடு கதைத்துக்கொண்டே. கடைசியில் எல்லோரும் துரத்த, பிணம் ஒரு நாடக மேடைக்கு வந்து சேருகிறது. நடப்பது மகாபாரதம், துகிலுரிதல் காட்சி. சேலை கட்டிய பிணம்தான் பாஞ்சாலி! துகிலை உரிந்தால் உண்மை தெரிந்துவிடும். ஆகவே கௌரவர் பக்கத்திலிருந்தே, வேண்டாம் விட்டுவிடுங்கள் என்று குரல் எழுகிறது. கறுப்புக் கண்ணாடியோடு வீமன் நிற்கிறான். சலீம்-அனார்கலி கதையும் வந்து கலக்கிறது. குருட்டு அரசன் திருதராட்டிரன் மட்டும் இங்கே என்னதான் நடக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். சபையிலே நியாயமான கேள்வி கேட்பவன் அந்தக் குருடன் ஒருவன்தான். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வயிறு வலிக்கச் சிரித்த பிறகே அந்தக் கேள்வி எனக்கு உறைக்கிறது.

இனிச் சிரிப்பில்லை. கொந்தராத்துக்காரர், பொலிஸ், ஆதாரத்தைக் காட்டிப் பணம் பறிக்க நின்ற பத்திரிகைக்காரி எல்லோரும் ஒரு மேசையில் சமாதானமாகிவிடுகிறார்கள். பாலம் இடிந்த பழி அப்பாவிகள் இருவர் தலையில் விழுகிறது. கைதி உடுப்போடு தெருவில் வருகிறார்கள். பின்னணியில் ‘ஹம் ஹோங்கே காமியாப்’. நாம் வெல்வோம் என்று இந்தியப் பாடசாலைப் பிள்ளைகள் பாடும் பாட்டு அது. இருவரும் நம் பக்கம் திரும்பிக் கழுத்தறுபடுவதாகச் சைகை காட்டுகிறார்கள். இதே கருத்துள்ள பாட்டுகளைக் காலைக் கூட்டத்தில் பாட வைத்துச் சம்பளம் வாங்குபவன் நான். சீரியஸான படம் எதுவும் என்னை இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதில்லை.

இந்தப் படத்துக்காகச் சிறந்த அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது பெற்ற குந்தன் ஷா, 2015 இல், தான் படித்த கல்லூரியில் மாணவர் போராட்டம் நடந்த காலத்தில், எதிர்ப்பாக அதைத் திருப்பிக் கொடுத்தார். 2017 இல் காலமானார். சதீஷ் ஷாவும் 2025 ஒக்டோபரில் போய்விட்டார். அந்தச் செய்தி வந்த வாரம், பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பாஷை விளங்காமலே துகிலுரிதலுக்கு வகுப்பு உருண்டு புரண்டது. படம் முடிந்ததும் பின் வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான்.

“சேர், அந்த ரெண்டு பேரும் பிறகு வெளிய வந்தாங்களா?”

“படம் அதோட முடிஞ்சிட்டு மகன்” என்றேன்.

மணி அடித்தது. அவன் இன்னும் உட்காரவில்லை.