நீலாம்பரி எங்கள் வீட்டுக்கு வந்தாள்

என் அம்மா 'படையப்பா'வைத் தியேட்டரில் பார்த்ததில்லை. 1999இல் அந்தப் படம் வந்தபோது, பக்கத்தில் இருந்த தண்டையார்பேட்டை அகஸ்தியாவுக்குப் போவதென்றாலும் அப்பா மனசு வைத்தால்தான் உண்டு. அப்பா தன் சிநேகிதர்களோடு படம் பார்த்துவிட்டு வந்தார். அம்மா சில வருஷம் கழித்து டிவியில் பார்த்தாள்.

படம் முழுக்க நீலாம்பரிக்குப் பாடம் நடத்துகிறார்கள். ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவளுக்கு, குரலை உயர்த்தியவளுக்கு, பெண் எப்படி இருக்க வேண்டும் என்று வகுப்பெடுக்கிறார் நாயகன். அவள் 18 வருஷம் ஓர் அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொள்கிறாள். கடைசியில் அவன் போட்ட உயிர்ப்பிச்சை வேண்டாமென்று செத்துப்போகிறாள். ரம்யா கிருஷ்ணனுக்கு அந்த வேடம் ஃபிலிம்பேர் விருது வாங்கித் தந்தது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் சந்துப் பெண்கள் எல்லோருக்கும் நீலாம்பரிதான் பிடிக்கும். "இன்னா திமிரு பாரேன்" என்று அம்மா சொல்வாள். அது திட்டு இல்லை.

அதனாலேயே சன் டிவியில் 'வம்சம்' ஓடிய நாட்களில் எனக்குக் கோபமாக வந்தது. 2013 முதல் 2017 வரை ஓடிய தொடர் அது. இழுத்து இழுத்துச் சொன்ன குடும்பப் பகை, ஒவ்வொரு முகத்துக்கும் இடி இசை. அந்தத் தொடரில் காணாமல்போன பூமிகாவைக் கணினியில் தேடும் காட்சியைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும் கல்லூரியில் தோழிகளோடு சிரித்தேன். 2015இல் 'பாகுபலி'யில் சிவகாமியாகக் கையில் குழந்தையை ஏந்தி நின்றவர், அதே வருஷம் இந்தத் தொடரிலும் வந்துகொண்டிருந்தார். நீலாம்பரிக்கு இது தேவையா?

அம்மா விடியற்காலை 2 மணிக்கு எழுந்து காசிமேட்டுக்குப் போவாள். ஏலத்தில் சங்கராவோ காரப்பொடியோ எடுத்து, கூடையோடு ஷேர் ஆட்டோ பிடித்து, மதியம்வரை தெருத்தெருவாக விற்பாள். ராத்திரி உட்கார்ந்தபடியே தூங்கி விழுவாள். ஆனாலும் சீரியல் முடியாமல் படுக்கமாட்டாள். அப்பா சாப்பாடு கேட்டால், "இரு, முடியட்டும்" என்பாள். எனக்குத் தெரிந்து அவள் அப்பாவைக் காக்க வைத்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் எங்கள் கரைவரை வந்தது. ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். பயத்தில் மீனை யாரும் தொடவில்லை. எங்கோ பிடித்த மீன் என்று சத்தியம் செய்தாலும் கதவைச் சாத்தினார்கள். வாரக்கணக்கில் கூடை சுவரில் சாய்ந்து கிடந்தது. அந்த நாட்களில்தான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து 'வம்சம்' பார்த்தேன். வழக்கம்போலச் சிரித்தேன்.

"இன்னாடி சிரிப்பு?"

"நீலாம்பரியா நடிச்சவங்க, இதுல போய் நடிக்கிறாங்களேன்னு."

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேலைக்கு வந்துருக்கா. நல்ல மீன் கெடச்சாத்தான் விப்பேன்னு நான் குந்திகினு இருந்தா, நீ படிச்சிருப்பியா?"

எனக்குப் பதில் இல்லை. நான் அவரை நீலாம்பரியாகவே வைத்திருந்தேன். அம்மாவுக்கு அவர் காலையில் எழுந்து வேலைக்குப் போகும் இன்னொரு பொம்பளை.

பிறகுதான் கணக்குப் போட்டேன். 2007இல் 'சிவாஜி' வந்தபோது ரஜினிகாந்துக்கு 56 வயது, ஜோடியாக நடித்த ஸ்ரேயாவுக்கு 24. ரம்யா கிருஷ்ணனுக்கு அப்போது 36. அடுத்த வருஷமே அவர் 'கலசம்' தொடரில் நடித்தார். அதன்பின் 'தங்கம்', அதன்பின் 'வம்சம்'. நாற்பதைத் தொடும் பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தி, வருஷக்கணக்கில் சம்பளம் கொடுத்தது நாம் கேலி செய்த சீரியல்தான். அந்தத் தொடர்கள் பெண்களைப் பெண்களோடு மோதவிட்டுப் பிழைத்தன என்பதை நான் இன்னும் மறுக்கவில்லை. நான் கேலி செய்தது கதையை மட்டும் இல்லை, அந்த வேலையையும்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

2023இல் 'ஜெயிலர்' வந்தது. 24 வருஷம் கழித்து, ரஜினிக்கு மனைவியாகவே ரம்யா கிருஷ்ணன். அம்மாவை நானே தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். படம் முடியும்வரை அவள் காத்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் சொன்னாள்:

"ஆசப்பட்டவனையே கட்டிக்கினா. ஆனா பேசுறதுக்கு ஒண்ணுமே குடுக்கல பாரு. அந்த சீரியலே தேவல."