பெட்டிக்கு ஒரு பெட்டி

தமிழில் ஆர்மோனியத்தைப் 'பெட்டி' என்றே சொல்லும் வழக்கமுண்டு. நாடகக் கொட்டகைக் காலத்து மனிதர்கள் யாரேனும் அருகில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'பெட்டி வாசிக்கிறவர்' என்றால் யாரென்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுருதிப்பெட்டியும் பெட்டிதான். அயர்லாந்துக்கு வந்த பிறகு, இங்கும் அக்கார்டியன் வாசிப்பவர்கள் தங்கள் வாத்தியத்தைப் 'பாக்ஸ்' என்று குறிப்பிடுவதைக் கேட்டு மகிழ்ந்தேன். துருத்தியும் ரீடும் சேர்ந்த எதையும் பெட்டி என்று அழைக்க உலகெங்கும் ஒரு சம்மதம் இருக்கும்போலும். அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி கான்சர்ட்டினா. அதை வைப்பதற்கு ஒரு பெட்டி தேடி நான் கழித்த நான்கு மாதங்களைப் பற்றியது இக்கட்டுரை.

கான்சர்ட்டினாவைப் பார்த்திராதவர்களுக்கு: இரண்டு கைகளுக்கிடையில் அடங்கும் அறுகோண வாத்தியம். இருபுறமும் பொத்தான்கள் பதித்த மரமுகங்கள், நடுவே அட்டையும் தோலும் மடித்துச் செய்த துருத்தி. மிருதங்கத்தை மடியில் கிடத்தியதுபோல இரு முகங்களும் இடமும் வலமுமாக இருக்க, ஒரு முனையைத் தொடையில் தாங்கி வாசிப்பார்கள். இதை லண்டனில் உருவாக்கியவர் சார்லஸ் வீட்ஸ்டன். மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் 'வீட்ஸ்டன் சமனச்சுற்று' படித்து மதிப்பெண் வாங்கினோமே, அதே மனிதர். சமனச்சுற்றை முதலில் அமைத்தவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. வீட்ஸ்டன் அதைப் பரப்பினார், பெயர் இவருக்கு நின்றுவிட்டது. கான்சர்ட்டினா அவருடையதே. அதன் முன்னோடியான வாய்க்கருவிக்கு 1829இலும், கான்சர்ட்டினாவின் மேம்பட்ட வடிவுக்கு 1844இலும் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்து ஊலிக் 1834இல் தனியே ஒன்றைச் செய்தார். இழுக்கும்போது ஒரு சுரமும் அழுத்தும்போது வேறொரு சுரமும் தருவது அவருடைய முறை. அந்த முறையை ஆங்கிலேய வேலைப்பாட்டோடு சேர்த்ததுதான் 'ஆங்கிலோ' வகை. அயர்லாந்தின் மேற்கே கிளேர் வட்டாரத்தில் வேரூன்றியது அதுவே.

என்னிடமிருப்பது முப்பது பொத்தான் ஆங்கிலோ. 1930களில் மூடப்பட்ட லாக்கினல் என்ற லண்டன் நிறுவனத்தின் தயாரிப்பு. 'என்னிடமிருப்பது' என்று எழுதுகிறேனே தவிர, என்னுடையது என்று எழுத மனம் வரவில்லை. என்னிஸ் ஊரில் எங்கள் தெருவில் இருந்த, எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டி, விரல்கள் மடங்க மறுத்த வருடம் என்னிடம் தந்தார். அவருடைய தாய் வாசித்தது. பிள்ளைகள் யாரும் வாசிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ஏழு வயதில் ஒரு பேத்தி. அவள் வளர்ந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும், அதுவரை நான் வாசிக்க வேண்டும், கண்ணாடி அலமாரியில் வைக்கக் கூடாது, வெளியே கொண்டுபோக வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது. அடுத்த ஆண்டே போய்விட்டார். ஒரு நூற்றாண்டைத் தாண்டிய பொருளை இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஊரெல்லாம் சுமந்து திரிந்து, கெடாமல் ஒரு பெண்ணிடம் சேர்க்க வேண்டும் என்றால் பெட்டியைப் பற்றி யோசிக்காமல் முடியுமா?

பழைய பெட்டி ஒன்று கூடவே வந்தது. கருத்துப் பளபளத்த மரத்தில் அறுகோணப் பெட்டி. உள்ளே தேய்ந்துபோன பச்சைத் துணி, பித்தளைப் பூட்டு. பார்க்கிறவர்கள் வாத்தியத்தைவிட அதைத்தான் முதலில் தொடுவார்கள். அதில் வாத்தியம் டிபன் கேரியர்போல ஒரு முகத்தை அடியாகக் கொண்டு நிற்கும். அழகான ஏற்பாடு, ஆனால் பழுதுபார்ப்பவர் ஒருவர் அதைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கினார். ஏனென்று கேட்டதற்கு, பதில் சொல்லாமல் ஆறு திருகாணிகளைக் கழற்றி வாத்தியத்தைத் திறந்து காட்டினார்.

உள்ளே பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் ஒரு மெல்லிய பலகை. அதன் இரு பக்கங்களிலும் பித்தளைச் சட்டத்தில் பொருத்திய எஃகு நாக்குகள், புறாவால் வடிவப் பள்ளங்களில் செருகப்பட்டு, பசையோ ஆணியோ இல்லாமல் மரத்தின் இறுக்கத்தில் மட்டும் நிற்கின்றன. ஒவ்வொரு நாக்குக்கும் எதிர்ப்பக்கத்தில் மெல்லிய தோல் மடல் ஒன்று. காற்று தவறான திசையில் புகாமல் அது மூடிக்கொள்ளும். முப்பது பொத்தானுக்கு அறுபது நாக்கு, அறுபது மடல். வாத்தியம் நிமிர்ந்து நின்றால் இந்தப் பலகைகள் தரைக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. அப்போது பாதி மடல்கள் கீழ்நோக்கித் தொங்கும். ஒரு நாள் தொங்கினால் ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் தொங்கிய தோல் வளைவை மனப்பாடம் செய்துகொள்கிறது. பிறகு சரியாக மூடாது, சுரம் தயங்கி எழும். வாசிக்கும் நிலையிலேயே கிடத்தி வைத்தால் பலகைகள் செங்குத்தாக நிற்கும், மடல்கள் தத்தம் இடத்தில் ஒட்டியிருக்கும்.

இதைப் பார்த்த பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. அதுவரை பெட்டி என்றால் விழுந்தால் காப்பது, மழையில் காப்பது என்றே நினைத்திருந்தேன். விழுவது என்றைக்கோ ஒரு நாள். கிடப்பதோ தினமும் இருபத்துமூன்று மணி நேரம். அந்த நேரத்தில் வாத்தியம் எந்த நிலையில் கிடக்கிறது என்பதைத் தீர்மானிப்பது பெட்டி.

பழைய கிளேர் வீடுகளில் பெட்டிக்கு முன்பே இதற்கு ஒரு விடை இருந்திருக்கிறது. கணப்பின் பக்கச் சுவரில் நம்மூர் விளக்குமாடம்போல ஒரு சிறு மாடம். கான்சர்ட்டினா அதில்தான் இருக்கும். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரம் எஃகு நாக்குகளைத் துருவேற்றும், மரத்தை ஊதவைக்கும். கணப்பின் இளஞ்சூடு அதற்கு மருந்து. வேலை முடிந்த பெண்கள் கையை நீட்டினால் எட்டும் இடம் என்பது இன்னொரு வசதி. இந்த வாத்தியத்தை இங்கே பெண்கள் கொண்டாடியிருக்கிறார்கள். கில்ரஷ் ஊரில் மதுக்கடை நடத்திய எலிசபெத் குரோட்டி (1885–1960) எழுபதை நெருங்கும் வயதில் வானொலி வழியாக நாடறிந்த கலைஞரானார். ஆனால் மாடத்தைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போக முடியாது. மில்டவுன் மால்பே ஊரில் 1973 முதல் ஜூலை தோறும் வில்லி கிளான்சி பெயரில் நடக்கும் இசைப்பள்ளிக்குப் போகிறவர்களைப் பார்த்தால், எத்தனை விதப் பைகள்! கேமராப் பை, குளிர்காக்கும் மதிய உணவுப் பை, பூப்போட்ட துணிப்பை, துப்பாக்கி வைப்பதற்கென்றே செய்ததுபோன்ற கறுப்பு நெகிழிப் பெட்டி.

நானும் ஒவ்வொன்றாக யோசித்தேன். கேமராப் பை மலிவு. தோளில் இலகுவாகத் தொங்கும். திருடனுக்கு மட்டும் ஆசை காட்டும். அதைவிடப் பெரிய குறை, அதன் மென்மையான சுவர்கள். நெரிசலில் யாராவது சாய்ந்தால் சுவர் பொத்தான்களை அழுத்தும். அழுத்திய பொத்தான் அடியிலுள்ள கம்பிச்சுருளை இழுத்துக்கொண்டே இருக்கும். நீர்புகாத கறுப்புப் பெட்டி எதையும் தாங்கும். அதற்குள் வெட்டிப் பொருத்தும் பஞ்சு சில ஆண்டுகளில் உதிர்ந்து பிசுபிசுக்கும் வகையாக இருந்தால், அந்தத் தூள் நேரே துருத்தியின் மடிப்புகளில்தான் குடியேறும். பெட்டியின் எடையோ வாத்தியத்தின் எடைக்கு இரண்டு பங்கு. வாங்கியவர்களில் பலர் அதைக் காரை விட்டு இறக்குவதே இல்லை என்று கேள்விப்பட்டேன். சிலர் கம்பளித் துணியால் உட்புறம் மெத்தையிட்ட பெட்டிகளைப் பரிந்துரைத்தார்கள். கம்பளி என்றால் அந்துப்பூச்சி வரும். வாத்தியத்தின் உள்ளேயும் பொத்தான் அடைப்புகளில் கம்பளித் துண்டுகள் உண்டு. விருந்துக்கு வந்த பூச்சி வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்குமல்லவா?

ஒரு நண்பர், 'அசல் பெட்டியை விட்டால் மதிப்புப் போய்விடும்' என்றார். விற்கிறவருக்கு அது உண்மை. வாங்கிக்கொள்ளப்போகும் குழந்தைக்கு ஒலிக்கும் வாத்தியம் வேண்டாமா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை, ஒப்பவும் இல்லை.

கடைசியில் தச்சர் ஒருவரிடம் அளவு சொல்லிச் செய்யக் கொடுத்தேன். ஆறு மில்லிமீட்டர் பிளைவுட். வாத்தியத்தின் குறுக்களவு பதினாறு செண்டிமீட்டர். பெட்டியின் வெளிக்கனம் இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது என்றேன். விமானங்களில் கைப்பெட்டிக்கு அனுமதிக்கும் கனம் பெரும்பாலும் இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள் இருப்பதால் அந்தக் கணக்கு. (சென்னைக்கு ஒருமுறை கொண்டுபோக ஆசை. சரக்கறையில் போட்டு அனுப்புவது பற்றி யோசிக்கவும் மாட்டேன்.) வாத்தியம் படுத்திருக்கும். இரு முனைகளிலும் உள்ள மரச்சட்டங்கள் மட்டும் இரண்டு தாங்கிகளில் அமரும், துருத்தி எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். மடிப்பின் மூலைகளில் உள்ள தோல்தான் முதலில் கிழியும் இடம் என்பதால் அதில் உராய்வே கூடாது. பக்கச் சுவர்களில் தக்கையால் ஒரு வளையம். அது முகத்தின் விளிம்பை மட்டும் மெல்ல அழுத்தித் துருத்தியை மூடிய நிலையில் வைத்திருக்கும், பொத்தான்களுக்கும் கைவார்களுக்கும் நடுவில் வெற்றிடம். துருத்தி விரிந்த நிலையில் கிடந்தால் மடிப்புகள் தளர்ந்துவிடும். தச்சர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'உள்ளே இருப்பது உயிருள்ளதா?' என்றார்.

மூடி எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில்தான் அதிக விவாதம். பக்கவாட்டில் திறந்தால் செய்வது சுலபம் என்றார். மேல்நோக்கியே திறக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இங்குள்ள மதுக்கடைகளில் சுற்றி அமர்ந்து வாசிக்கும்போது வாத்தியத்துக்கு ஆபத்து சாலையில் இல்லை. இரண்டு பாட்டுகளுக்கிடையே, நிறைந்த கோப்பைகள் நிற்கும் மேசையில் இருக்கிறது. காலடியில் திறந்தபடி இருக்கும் பெட்டிக்குள், குனிந்து, ஒரு கையால் இறக்கிவிட முடிய வேண்டும். அது முடியாவிட்டால் மேசைமேல்தான் வைப்போம். எவ்வளவு உறுதியான பெட்டியும் அப்போது சும்மா காலியாகக் கிடக்கும்.

பெட்டி வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. பார்க்க ஒன்றுமில்லை. தேநீர்ப் பொட்டலப் பெட்டி என்று ஒருவர் நினைத்தார். தோள்வாரோடு சேர்த்து எடை இரண்டேகால் கிலோ, வாத்தியம் தனி. வாரத்தில் இரண்டு நாள் வெளியே போகிறது. சென்ற மாதம் திறந்து பார்த்த பழுதுபார்ப்பவர், வளைந்திருந்த பதினொரு மடல்களை மாற்றியதாகவும் மற்றவை படிந்து கிடப்பதாகவும் சொன்னார். கீழ் சுருதியில் ஒரு சுரம் இன்னும் தாமதமாகத்தான் எழுகிறது. அந்த மடலை மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மூதாட்டி வாசித்தபோதும் அந்தச் சுரம் அப்படித்தான் எழுந்தது.

அறுகோணப் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதற்குள் கழற்றிய பதினொரு தோல் மடல்கள் ஒரு காகித உறையில், கையின் வியர்வையில் கறுத்த பழைய வார்கள் இரண்டு, பூட்டின் சாவி. உறைமேல் தேதியும் எந்தெந்தச் சுரத்துக்கு உரியவை என்பதும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது.