கரைக்கும் படகுக்கும் நடுவே

நம் கடற்கரை ஊர்களில் இறந்தோரை நினைவுகூரும் நாள்கள் சில உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களுக்காக ஆண்டுதோறும் மெழுகுதிரி ஏற்றுகிறோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் மறைந்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். ஆனால் பேரலையும் இன்றிப் புயலும் இன்றி, இடுப்பளவுத் தண்ணீரில், வீட்டு முற்றத்தில் நிற்கும் மனைவி மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிர்விட்டவர்கள் பலர். அவர்களுக்கென்று ஒரு நாள் கிடையாது. "வள்ளம் இறக்கும்போது நேர்ந்தது" என்ற ஒரு வாக்கியத்தோடு அவர்கள் கதை முடிந்துவிடுகிறது.

படகு இறக்குவது என்பது பார்ப்பதற்கு எளிய செயல். தரையில் கிடப்பதைத் தண்ணீருக்குத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆயினும் கடல் தொழிலின் ஆபத்துகளில் பெரும்பங்கு இந்தச் சில நொடிகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. தரையில் கிடக்கும் படகு தன் முழு எடையோடு அசையாமல் கிடக்கும். மிதக்கும் படகோ ஒரு சிறுவன் தொட்டாலும் நகரும். இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவே, பாதி மணலிலும் பாதி நீரிலுமாகப் படகு கிடக்கும் ஒரு பொழுது உண்டு. அப்போது அதன் எடை குறைந்துவிடவில்லை. ஆனால் அதை நிலைநிறுத்தி வைத்த தரையின் பிடி தளர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் படகு நம் சொற்படி கேட்பதில்லை. அலையின் சொற்படி கேட்கிறது.

நான் பிறந்தது குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் எங்கள் கடல் முகம் மாறிவிடும். கரையோரமாகவே அலைகள் எழுந்து மடியும். ஓசை ஊருக்குள் வரை கேட்கும். அந்த நாள்களிலும் அடுப்பெரிய வேண்டும் என்பதால் வள்ளம் இறங்கத்தான் செய்யும். உருட்டுக்கட்டைகளை வரிசையாய்ப் போட்டு, அணியம் கடலை நோக்கி நேராக நிற்கும்படி வள்ளத்தைத் தண்ணீர் விளிம்புவரை கொண்டுவருவார்கள். பிறகு இருபுறமும் கைவைத்தபடி எல்லோரும் காத்து நிற்பார்கள். பெரிய அலைகள் தனியாக வருவதில்லை. மூன்று நான்கு சேர்ந்து வந்து போனபின் கடல் சற்று அடங்கும். அந்த அடக்கத்துக்காகத்தான் காத்திருப்பு. மூத்தவர் ஒருவர் மட்டும் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் குரல் கொடுத்தால் எல்லாத் தோள்களும் ஒன்றாகத் தள்ளும். முன்னால் நின்றவர்கள் தாவி ஏறித் துடுப்பு வலிக்க, அடுத்த அலை எழுமுன் வள்ளம் அலைவாயைக் கடந்திருக்கும். தாமதித்தால் அணியம் திரும்பும். அணியம் திரும்பினால் அலை வள்ளத்தின் விலாவில் அறையும். விலாவில் அறை வாங்கிய வள்ளம் உருண்டு கரைக்கே வரும். அது வரும் வழியில் மனிதர் நின்றால், அவருக்கு ஒதுங்க இடம் இராது.

என் தகப்பனார் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் ஒரே வரியில் அடங்கும்: "கரைக்கும் வள்ளத்துக்கும் எடையில நிக்கப்பிடாது, மக்களே." எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஓர் ஆடி மாதத்து விடியலில், என் சித்தப்பா அந்த இடைவெளியில்தான் அகப்பட்டுக்கொண்டார். திரும்பிவிட்ட அணியத்தை நேராக்கத் தோள்கொடுக்கக் கரைப்பக்கமாய் ஓடினார். விதியை அறியாதவர் அல்லர். வள்ளத்தில் நின்ற தம் தோழரைக் காப்பாற்றும் அவசரம் அவருக்கு. அடுத்த அலை வள்ளத்தைத் தூக்கி அவர்மேல் போட்டது. தண்ணீர் வடிந்தபோது அவரைச் சுற்றி முழங்கால் ஆழம்கூட இல்லை. சித்தி அன்று முதல் கடலைப் பார்க்கும் வாசலைச் சாத்தியே வைத்திருந்தார். பின்பக்க வாசல்தான் அவருக்கு வழி.

எங்கள் முன்னோரின் கட்டுமரம் இந்தக் கரைக்கென்றே பிறந்தது. மரங்களைத் தனித்தனியாகத் தோளில் சுமந்துவந்து தண்ணீர் விளிம்பில் வைத்துக் கட்டுவார்கள். கவிழ்ந்தாலும் அது மூழ்காது. புரட்டிப்போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். ஆங்கிலேயர் அந்தச் சொல்லையே வாங்கிக்கொண்டு போனார்கள். 1980களில் ஒட்டுப்பலகை வள்ளங்களும் அவற்றின் பின்னால் அவுட்போர்டு எஞ்சின்களும் எங்கள் கரைக்குப் பரவின. வேகம் கூடியது, தொலைவு கூடியது, கூடவே கரையில் தள்ள வேண்டிய எடையும் கூடியது. கருவிகள் மாறிய வேகத்தில் பழைய சொற்கள் மாறவில்லை. ஆனால் அவற்றைச் சொல்லும் வாய்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவருகின்றன.

இவற்றையெல்லாம் மறுபடி எண்ணிப்பார்க்க எனக்கு ஒரு வாய்ப்பு, கடலே இல்லாத ஓர் இடத்தில் கிடைத்தது. 2023ஆம் ஆண்டுக் கோடையில் கனடாவில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். டொரன்டோ நகருக்கு வடக்கே சிம்கோ என்றொரு ஏரி. ஏறத்தாழ 720 சதுர கிலோமீட்டர் பரப்பு. கரையில் நின்றால் கடல் என்றே மயங்குவோம். நாவில் வைத்தால்தான் உப்பில்லை என்று தெரியும். அங்கே பலர் சொந்தமாகச் சிறு படகு வைத்திருக்கிறார்கள். அதை வீட்டு வாசலில் இரண்டு சக்கர டிரெய்லரில் நிறுத்தியிருப்பார்கள். விடுமுறை நாளில் காரின் பின்னால் மாட்டி ஏரிக்கு இழுத்துப்போவார்கள். ஏரிக்கரையில் சிமென்டால் ஆன சாய்தளம் ஒன்று நீருக்குள் இறங்கிச் செல்லும். அதன்மீது காரைப் பின்னோக்கிச் செலுத்தி, டிரெய்லரை நீரில் அமிழ்த்தி, படகை மிதக்கவிட வேண்டும். என் மருமகனும் நண்பர் ஒருவரும் சேர்ந்து பதினாறடி அலுமினியப் படகு ஒன்றை வாங்கியிருந்தார்கள். அந்த நண்பர் பருத்தித்துறைக்காரர். அவர் தகப்பனாரும் கடல் தொழிலாளி. ஆகவே அவர் சொன்னவற்றைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

சாய்தளத்தை நெருங்குமுன், சற்றுத் தள்ளி மேட்டிலேயே வண்டியை நிறுத்தினார். "ஐயா, தரையில செய்யக்கூடிய வேலையெல்லாத்தையும் இஞ்சயே முடிச்சிடவேணும். சாய்தளத்தில படகை இறக்கிற வேலை மட்டுந்தான் இருக்கவேணும்" என்றார். படகின் பின்புறம் அடியில், உள்ளே சேரும் நீரை வடிக்க ஒரு துளை உண்டு. அதன் திருகு அடைப்பானை முதலில் கையால் இறுக்கிப் பார்த்தார். அதை மறந்து படகை இறக்கியவர்கள், தங்கள் படகு நின்ற இடத்திலேயே நிறைவதைப் பார்த்திருக்கிறார்களாம். படகைப் பின்பக்கம் டிரெய்லரோடு பிணைத்திருந்த பட்டைகளை அவிழ்த்தார். எஞ்சினின் விசிறி சிமென்டில் இடிக்காதபடி அதைத் தூக்கிவைத்தார். டிரெய்லர் விளக்குகளின் மின்கம்பியைக் கழற்றினார். சூடான விளக்கு குளிர்ந்த நீரில் இறங்கினால் விரிசல் விடும். நெடுந்தூரம் ஓடிய சக்கரத்தின் குடத்தைத் தொட்டுப் பார்த்து, அது ஆறும்வரை பொறுத்திருந்தார். சூட்டோடு நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி நீரை உள்ளே இழுக்கும். மசகு கெட்டுப் பின்னொரு நாள் நடுவழியில் சக்கரம் இறுகிவிடும். அணியத்தில் நீண்ட கயிறு ஒன்றைக் கட்டி அதன் நுனியை என் மருமகன் கையில் கொடுத்தார். எல்லோருக்கும் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்.

ஒன்றை மட்டும் அவர் அவிழ்க்கவில்லை. படகின் மூக்கை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் சுழற்றுப்பொறியின் பட்டையும், அதோடு சேர்ந்த சங்கிலியும் அப்படியே இருந்தன. "இதுதான் கடைசி" என்றார். பாசி படிந்த சாய்தளங்களின் சரிவு பெரும்பாலும் நூற்றுக்கு 12 முதல் 15 வரை இருக்கும். அவசரக்காரர் இந்தப் பட்டையை மேலேயே கழற்றிவிட்டால், தண்ணீரைத் தொடுமுன்னரே படகு வழுக்கிச் சிமென்டில் விழும். பின்புறம் மிதக்கத் தொடங்கிய பிறகே அதைத் தொட வேண்டும்.

காரைப் பின்னோக்கிச் செலுத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. சுக்கானின் மேற்புறத்தைப் பிடித்தால் டிரெய்லர் எதிர்ப்பக்கம் ஓடும். அடிப்புறத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகும் பக்கமே அதுவும் போகும். அவர் காரின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இடுப்புப் பட்டையையும் கழற்றிவிட்டு அமர்ந்தார். காரணம் கேட்டேன். "கார் வழுக்கித் தண்ணிக்குள்ள போனா வெளியில வர வழி வேணுமே" என்றார். காருக்குள் எங்களில் எவரையும் ஏறவிடவில்லை.

அப்போது ஒன்று நடந்தது. என் பத்து வயதுப் பேரன், உதவி செய்யும் ஆர்வத்தில் டிரெய்லருக்குப் பின்னால் போய், நீரின் விளிம்பில் நின்று "வாங்க, வாங்க" என்று கையசைத்தான். பருத்தித்துறைக்காரர் வண்டியை நிறுத்தினார். கைத்தடையை இழுத்துவிட்டு இறங்கி, அவன் தோளைப் பற்றிப் பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, படகுக்கும் தண்ணிக்கும் இடையில ஒருநாளும் நிக்கக்கூடாது. இதில நில்லுங்கோ, என்ர கண்ணாடியில உங்களத் தெரியவேணும்" என்றார்.

நான் வாயடைத்து நின்றேன். எங்கள் ஊரில் மணலும் அலையும். இங்கே சிமென்டும் அசையாத நீரும். எங்கள் ஊரில் படகைக் கரைக்குத் தள்ளுவது கடல். இங்கே நீருக்கு இழுப்பது சரிவு. நிற்கக்கூடாத திசைதான் மாறியிருக்கிறது, விதி மாறவில்லை. பாரமான ஒன்று போக விரும்பும் வழியில் மனிதன் நிற்கக்கூடாது. எழுத்தறியாத என் தகப்பனார் சொன்னதையும், அகதியாய்ப் போய்ப் பனிநாட்டில் வேரூன்றிய ஒருவர் தம் தகப்பனாரிடம் கேட்டதையும் ஒரே நாளில் ஒரு குழந்தை பெற்றுக்கொண்டது.

பின்சக்கரங்கள் நீரைத் தொட்டதும் காரை நிறுத்திக் கைத்தடை போட்டார். என் மருமகன் சக்கரங்களுக்குக் கட்டை முட்டுக்கொடுத்தார். படகின் பின்புறம் மெல்ல எழுந்தது. அதன்பிறகே பட்டையும் சங்கிலியும் கழன்றன. கயிற்றைப் பற்றியிருந்த மருமகன் படகை நடைபாலத்தின் ஓரமாய் இழுத்துக் கட்டினார். எஞ்சினை நீரில் இறக்கி, நிறுத்துவிசையின் கயிற்றை ஓட்டுபவர் தம் சட்டையில் மாட்டிக்கொண்டார். அவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானே நின்றுவிடும். சாய்தளத்தில் நாங்கள் இருந்தது இரண்டு மூன்று நிமிடம்தான். மேட்டில் செலவிட்டது அரைமணி நேரம். பின்னால் நான்கு வண்டிகள் காத்திருந்தும் எவரும் ஒலி எழுப்பவில்லை. ஒருவர் மட்டும் வந்து கயிறு பிடிக்கட்டுமா என்று கேட்டார்.

மாலையில் படகை ஏற்றிய பின்னும் அவர் புறப்பட்டுவிடவில்லை. மறுபடி மேட்டில் நிறுத்தி அடைப்பானைத் திறந்து நீரை வடித்தார். டிரெய்லரில் சிக்கிய பாசிகளைக் கையால் பிடுங்கினார். ஒன்டாரியோ மாநிலத்தில் 2022 ஜனவரி 1 முதல் இது சட்டம். கருங்கடல், காஸ்பியன் பகுதிகளைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி கப்பல்களின் அடிநீரோடு வந்து, 1988இல் அங்குள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது; பின்னர் படகுகளின் வழியே ஏரிக்கு ஏரி பரவியது. ஒருவருடைய கவனக்குறைவு அடுத்த ஏரியின் மீன்களையும் பாதிக்கும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு.

இதைக் கண்டு வெளிநாட்டுப் பெருமை பேச நான் இதை எழுதவில்லை. அங்கே படகு பொழுதுபோக்கு. இங்கே அது உயிர்ப்பிழைப்பு. அங்கே காற்று வலுத்தால் வீடு திரும்பிவிடலாம். இங்கே கடன்பட்டு வாங்கிய எஞ்சினும், காலையில் ஏலத்துக்குக் காத்திருக்கும் கூடைகளும் அப்படித் திரும்பவிடுவதில்லை. துறைமுகங்கள் வந்தபின் அலைவாயில் படகு தள்ளும் வேலை பல ஊர்களில் குறைந்திருக்கிறது. ஆனால் ஆபத்து விலகவில்லை. இடம் மாறி நிற்கிறது. தேங்காய்ப்பட்டினம் துறைமுக முகத்துவாரத்தில் மணல்மேடும் அலையும் சேர்ந்து எத்தனை படகுகளைக் கவிழ்த்தன, எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின என்பதை நம்மவர் அறிவர். ஆழத்துக்கும் கரைக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய நீர்தான் இன்றும் உயிர் கேட்கிறது. அதற்கு அரசு செய்ய வேண்டியவை உண்டு; அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமையும் நமக்கு உண்டு.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டுகிறோம். அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. துக்கம் நம் வாயை அடைத்துவிடுகிறது. என் சித்தி சாத்திய வாசலைப் போலவே, பல வீடுகளில் அந்தப் பேச்சும் சாத்தியே கிடக்கிறது. எங்கே நின்றார், எந்த அலையில், யாரைக் காப்பாற்ற ஓடினார் என்று சொல்லிக் கொடுத்தால், அந்த மரணம் இன்னொரு பிள்ளையின் உயிரைக் காக்கும். ஊர் திரும்பியபின், சித்தப்பாவின் பேரன்கள் இருவரைக் கரைக்கு அழைத்துப்போய் அந்த இடத்தைக் காட்டினேன். எதுவும் அறியாதவர்களாய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இளையவன் வள்ளத்தின் விலாவில் கைவைத்துப் பார்த்துவிட்டு, கேட்காமலே பக்கவாட்டில் நகர்ந்து நின்றான்.