துருவின் பிடி

இறுகிப்போனதை இளக்குவது எப்படி? நேரத்தைப் பார் என்பர் சிலர். ஓங்கி அடி என்பர் வேறு சிலர். அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். எதனால் இறுகிற்று என்று கேட்போரோ மிகச் சிலர். இந்த நால்வகையினரையும் ஒரே மாலையில், ஒரே பட்டறையில் கண்டேன் நான். அவர்களைக் கூட்டி வைத்தது, சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு முறிந்த போல்ட்!

எங்கள் ஊர் நாகைக்கு அருகில், கடலோரம். உப்புக்காற்று ஓயாது வீசும். ஊரிலுள்ள இரும்பையெல்லாம் மெல்லத் தின்னும். என் சித்தப்பாவின் பழைய காரில் முன்சக்கரப் பிரேக் பேடுகள் தேய்ந்துவிட்டன. டிஸ்க்கையும் மாற்ற வேண்டியிருந்தது. சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்வி வண்டியை நிறுத்தும் இடுக்கிக்குக் காலிப்பர் என்று பெயர். அதைத் தாங்கும் சட்டத்தை, சக்கரம் பொருந்தியிருக்கும் இரும்போடு பிணைப்பவை இரண்டே போல்ட்டுகள். ஒன்று கழன்றது. மற்றொன்றின் தலை முறிந்தது. உடல் உள்ளேயே தங்கிற்று.

“ராகு காலத்தில் கை வைத்தால் இப்படித்தான்” என்றார் வேடிக்கை பார்த்த பெரியவர். “பெரிய சுத்தியலால் நாலு போடு போடு” என்றார் பக்கத்துக் கடைக்காரர். சித்தப்பாவுக்கோ அவசரம். விடிந்தால் ஒரு திருமணத்துக்குச் செல்ல வேண்டும். “ஒன்றுதான் நன்றாயிருக்கிறதே தம்பி, அதை இறுக்கிக் கட்டிக் கொடு; திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்றார். காரில் ஏற இருந்தவர் ஐவர். அவருள் இருவர் குழந்தைகள்!

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். “பிரேக்கை மிதித்தால் டிஸ்க் காலிப்பரையும் தன்னோடு இழுக்கும் ஐயா. அந்த இழுப்பைத் தாங்குவதற்குத்தான் இரண்டு போல்ட். ஒன்றே இருந்தால் காலிப்பர் திரும்பிச் சக்கரத்தில் மோதும். நான் கட்டித் தரமாட்டேன்” என்றார்.

எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அதன் இயக்க ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்கு. பள்ளிப் பாடம் பகரும் உண்மை இது. அத்தனை ஆற்றலையும் அடக்கவேண்டிய இடத்தில் ஆணி ஒன்று குறையலாமா?

சரி, போல்ட் ஏன் இறுகிற்று? இரும்பும் காற்றிலுள்ள உயிர்வளியும் நீரும் கூடிப் பிறப்பது துரு. உப்பு அந்தக் கூட்டை விரைவாக்கும். பிறந்த துருவோ, தன்னை ஈன்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும். மரையின் இடுக்கில் இடம் ஏது? ஆகவே ஆப்பாய் இறுகி நிற்கிறது. ராகுவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கண்மூடித்தனமாக அடித்தாலோ மரை நசுங்கும். பிடி மேலும் வலுக்கும்.

காரணம் அறிந்தவர் அதற்கேற்பக் கை வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டியைத் தாங்குகட்டையில் நிறுத்தினார். ரப்பர்க் குழாயில் பாரம் விழாதபடி காலிப்பரைக் கம்பியால் கட்டி அப்பால் தொங்கவிட்டார். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். இடுக்கில் புகும் எண்ணெயை விட்டார். “இனி நாளைக்கு” என்று விளக்கை அணைத்தார். சித்தப்பா முணுமுணுத்தார், திருமணத்துக்குப் பேருந்தில்தான் போனோம். ஐவரும் போனோம், ஐவரும் வந்தோம்.

மறுநாள் மாலை மீண்டும் பட்டறை. முதலில் இடுக்கியால் பிடித்துத் திருப்பினார், வழுக்கிற்று. வம்பு செய்யவில்லை அவர். பேட்டரி இணைப்பைக் கழற்றினார். நீட்டிக்கொண்டிருந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்தார். வெப்பத்தால் விரிந்த போல்ட், ஆறும்போது சுருங்கித் துருவின் பிடியை உடைக்கும். ஸ்பேனருக்குப் பிடிக்கப் புதிய தலையும் கிடைக்கும்! சற்றே ஆறியதும் எண்ணெய் விட்டு, ஸ்பேனரை இப்புறமும் அப்புறமும் இம்மியளவு அசைத்தார். கிறீச்சென்றது. பின்பு கால் சுற்று, அரைச் சுற்று. வந்தே விட்டது!

துண்டு நீட்டிக்கொண்டிராமல் மட்டத்தோடு முறிந்திருந்தால்? நட்ட நடுவில் புள்ளி அடித்து, இடப்பக்கம் சுழலும் டிரில்லால் துளையிட வேண்டுமாம். சில வேளை அந்தச் சுழற்சியிலேயே துண்டு கழன்று வருமாம். துளையில் செருகித் திருகும் கருவியும் உண்டு. ஆனால் அது கடினமானது, எளிதில் ஒடிவது. உள்ளே ஒடிந்தால் டிரில்லும் அதை எளிதில் அறுக்காது. இத்தனையும் சொன்னவர், மரையைச் சுத்தம் செய்து, பழையதன் தலையிலிருந்த வலிமை எண்ணையே கொண்ட புதிய போல்ட்டைத் தேர்ந்து, குறித்த அளவுக்கு இறுக்கினார்.

பட்டம் பெற்றவன் நான், பாடம் சொல்பவன். எனினும் “ஏன்?” என்ற வினா எவ்வளவு கூர்மையான கருவி என்பதைக் கரிபடிந்த அந்தக் கைகளில்தான் கண்டேன். நேரத்தைப் பழித்தவரும், சுத்தியலைத் தேடியவரும், போகட்டும் என்றவரும் சூழ நின்றனர். காரணத்தைக் கேட்டவர் ஒருவர், கழற்றியவரும் அவரே. காரணம் தெரிந்திருந்ததால்தான், வயதில் மூத்தவரிடம், கூலி தருபவரிடம், “கட்டித் தரமாட்டேன்” என்று சொல்ல அவரால் முடிந்தது. அறிவு தரும் துணிவு அது. நம் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு அந்தத் துணிவையும் கற்பிப்போம்!