கறுப்புப் பேணி

பழைய மோட்டார்க் காரொன்றின் பொனற்றைத் திறந்து பார்ப்பவன் அங்குள்ளவற்றுட் பெரும்பாலானவற்றை எளிதில் இனங்கண்டுகொள்வான். பற்றறியும் றேடியேற்றரும் அவனுக்குப் பழக்கமானவை. ஆயின், 1970களில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட காரிலே, ஒரு மூலையிலுள்ள கறுப்புப் பேணி அவனைத் திகைக்க வைக்கும். அசையும் உறுப்பெதுவும் அதில் வெளித்தெரியாது. றப்பர்க் குழாய்கள் சில மட்டும் அதிலிருந்து பிரிந்து செல்லும்.

பெயர் தெரியாத பொருளை அறிய வழி, அதன் தொடர்புகளை ஆராய்வதே. ஒரு குழாய் பெற்றோல் தாங்கியை நாடிச் செல்கின்றது. மற்றொன்று இயந்திரத்துட் காற்றுப் புகும் வழியை அடைகின்றது. இவற்றைப் பின்தொடர்ந்தவனுக்குப் பேணியின் தொழில் விளங்கிவிடும். கார் ஓய்ந்து நிற்கையில் தாங்கியிலிருந்து எழும் பெற்றோல் ஆவியைப் பேணியினுள்ளே இருக்கும் கரி பற்றிவைத்துக்கொள்கின்றது. இயந்திரம் ஓடும்போது அவ்வாவி உறிஞ்சப்பட்டு எரிகின்றது.

இதன் வரலாறு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தோடு பிணைந்தது. பெற்றோல் ஆவியும் வாகனப் புகையும் சூரிய ஒளியில் வினைபுரிவதாலேயே கண்ணை எரிக்கும் அம்மூட்டம் தோன்றுகின்றதென 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிற் என்னும் இரசாயனவியலாளர் நிறுவினார். கலிபோர்ணியா 1970ஆம் ஆண்டுக் கார்களில் ஆவிக்கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கியது. மறு ஆண்டுக் கார்களில் அது நாடு முழுவதற்கும் விதியாயிற்று.

பேணியைக் கழற்றி எறிந்தாலும் கார் ஓடும். அதனாலேயே அதனை வேண்டாப் பொருளென எண்ணத் தோன்றும். ஓட்டுபவனைவிட, வீதியோரம் நடப்பவனின் மூச்சுக்காகவே அது உழைக்கின்றது. தனக்குப் பயன் தெரியாத ஒன்றைக் கழற்றுமுன், அதன் குழாய் எங்கே செல்கின்றதெனப் பார்த்தல் அறிவுடையார் கடன்.