இரண்டு ரயில்களுக்கு நடுவே

விஜயதசமி நெருங்கினால் தென் மாவட்டத் தோழர்கள் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: “நாக்பூர் தீட்சா பூமிக்கு எந்த ரயிலில் போகலாம்?” வழியில் இறங்கிக் காத்திருக்க வேண்டிய நேரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கையிலிருக்கும் காசும் உடம்பின் தெம்பும் கரைவது அங்கேதான்.

1901-இல் சிறுவன் பீமராவ் அண்ணனோடும் அக்காள் மகன்களோடும் அப்பாவைப் பார்க்கக் கிளம்பினார். மசூர் ஸ்டேஷன் வரை ரயில் பயணத்தில் குறையில்லை. கடிதம் அப்பா கைக்குப் போகாததால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. காத்திருந்த பிள்ளைகள் மகர்கள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, மாட்டுவண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டியதாயிற்று. ரயிலை விட்டு இறங்கிய இடத்தில் சாதி காத்திருந்தது. இதை அண்ணல் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்.

இன்று டிக்கெட்டில் சாதி இல்லை. ஆனால் இடைவேளையைக் கடக்கப் பணம் வேண்டும். பணமுள்ளவர் லாட்ஜில் அறை எடுப்பார். முதல் தலைமுறை மாணவர் பிளாட்பாரத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுப்பார். அதனால்தான் நாம் திட்டமிட வேண்டும் என்கிறோம்.

மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிறவர்கள் காலையில் எழும்பூரில் இறங்கி, அன்று மாலைக்கு மேல் சென்ட்ரலில் ஏறுவது நல்லது. கிராண்ட் டிரங்க், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டும் நாக்பூரில் நிற்கும். எழும்பூரிலிருந்து சென்ட்ரல் மெட்ரோவில் அடுத்த நிறுத்தம்தான். ஆனாலும் ஒரு மணி நேர இடைவெளியை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். முதல் ரயில் தாமதமானால் எல்லாம் போச்சு. பகல் முழுக்கக் கையில் இருந்தால் பெட்டியைப் பூட்டி கிளோக் ரூமில் போட்டுவிட்டு, ஓய்வறையில் குளித்துச் சாப்பிட்டு ஏறலாம். டிக்கெட் வைத்திருப்பவருக்கு ஓய்வறை உரிமை. தயங்கி வெளியே நிற்க வேண்டியதில்லை.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆயுதபூஜை விடுமுறைக் கூட்டமும் அதே நாட்களில்தான். எனவே முதல் நாள் காலை 8 மணிக்கே இரண்டு ரயிலுக்கும் போடுங்கள். இரண்டு பி.என்.ஆரையும் இணைக்கும் வசதி 2019 ஏப்ரலில் வந்தது. இரண்டிலும் பயணிகள் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரயில் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டால் விதிப்படி அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

திரும்பும் டிக்கெட்டை விழா நாள் இரவுக்கே போடாதீர்கள். லட்சக்கணக்கானோர் கூடும் இடத்திலிருந்து ஸ்டேஷன் வந்து சேர்வதே பெரும்பாடு. குழுவாகப் போங்கள். பெண் தோழர்கள் இரவில் தனியே காத்திருக்கும்படி எந்த இணைப்பையும் போடாதீர்கள். அதற்காக ஒரு நாள் கூடினாலும் பரவாயில்லை.

ஜெய் பீம்!